அம்மா ஏன் எப்போதும் மங்கலாகவே போட்டோ எடுத்தார்? - ஒரு மொட்டைமாடித் தோட்டம் சொன்ன பதில்!

காலை 6.40. அலாரத்துக்கு முன்பே என் போன் ஒருமுறை அதிரும். பார்க்காமலேயே தெரியும், அம்மா. ஓசூர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு செடியின் போட்டோ வந்திருக்கும். 'குட் மார்னிங்' பூக்கள், சாமி படங்கள் எல்லாம் அனுப்புகிற வழக்கம் அம்மாவுக்கு இல்லை. அன்றைக்கு எந்தத் தொட்டியில் புது இலை விட்டிருக்கிறதோ, எது பூத்திருக்கிறதோ, அது வரும்.

ஒரே ஒரு பிரச்னை. அந்த போட்டோக்கள் எப்போதும் மங்கலாகவே இருக்கும். செடி இருக்கிறது, நிறம் இருக்கிறது, விளிம்பு மட்டும் இருக்காது. பச்சைத் தண்ணீரில் கரைந்துபோன கோலம் மாதிரி இருக்கும். நானும் அரைத்தூக்கத்தில் ஒரு தம்ஸ் அப் போட்டுவிட்டு சென்னை ஹாஸ்டல் கட்டிலில் புரண்டு படுத்துவிடுவேன்.

என் வேலையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். கட்டுரைகளுக்குப் படம் தேர்வு செய்வது என் தினசரி வேலைகளில் ஒன்று. மங்கலான படம் வந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்புவேன். அந்தப் பழக்கத்தில் அம்மாவிடமும் ஒருமுறை சொன்னேன். "லென்ஸைத் துடைச்சிட்டு எடும்மா."

மறுநாள் புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைத்து எடுத்ததாகக் குறிப்போடு போட்டோ வந்தது. அதே மங்கல். "போன் பழசாயிடுச்சுடி" என்றார். நானும் நம்பினேன். தீபாவளிக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். புது போனிலும் அதே மங்கல்தான்!

அம்மாவின் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன்பு பக்கத்து வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த ஒற்றை ஜேட் கிளையில் ஆரம்பித்தது. இப்போது அறுபது தொட்டிகளுக்கு மேல் இருக்கும். எல்லாமே சக்குலென்ட் வகைச் செடிகள். இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்றுள்ள செடிகளுக்குத்தான் அந்தப் பெயர். ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோமே கற்றாழை, மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறதே, அதுவும் சக்குலென்ட்தான். துவையல் அரைக்கிற பிரண்டையும் அதே கூட்டம்தான்.

"கள்ளி, கற்றாழையெல்லாம் வேலியில வளர்றது. அதைப் போய் காசு கொடுத்து வாங்கறியே" என்று பாட்டி கேட்டபோது அம்மா அசரவில்லை. ஓசூரைச் சுற்றி நர்சரிகளுக்குப் பஞ்சமில்லை. அதிகம் சுடாத ஓசூர் வெயில் இந்தச் செடிகளுக்குப் பிடித்துப்போனது. அப்பா செம்மண்ணும் மணலும் உடைத்த செங்கல் ஜல்லியும் தூக்கிவந்து போட, அம்மா கலந்து நிரப்பினார். உதிர்ந்த ஓர் இலையை மண்மேல் கிடத்தி வைத்தால், அதிலிருந்தே வேர்விட்டுக் குட்டிச்செடி முளைக்கும். அப்படித்தான் ஒன்று பத்தாகி, பத்து அறுபதானது.

இந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு திட்டத்தோடு போனேன். அம்மாவின் தோட்டத்தை அழகாகப் படமெடுத்து, எங்கள் தளத்துக்கு ஒரு போட்டோ தொகுப்பு செய்யலாம் என்று.

முதல் நாள் மதியம் எடுத்ததெல்லாம் குப்பை. உச்சி வெயிலில் இலையின் ஒரு பக்கம் வெளிறி, மறுபக்கம் கறுத்துவிட்டது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு மேலே போனேன். அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொடிக்கயிற்றில் விரித்துப் போட்டு, அதன் வழியாக வடிந்து வருகிற வெளிச்சத்தில் தொட்டிகளை வைத்தேன். செடிக்குப் பின்னால் கறுப்புக் குடை. எதிர்ப்பக்கம் டி.வி. அட்டைப்பெட்டியில் வந்த தெர்மாகோல். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும், இலைகளின் அடுக்கு அப்படியே எழுந்து வந்தது. வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள். செலவே இல்லை.

அன்றைய நாயகி, நீலச்சாம்பல் நிறத்தில் தாமரை போல விரிந்திருந்த எச்செவேரியா. அம்மாவின் செல்லம். மெக்ஸிகோ பக்கத்துச் செடி. அந்தப் பெயரின் கதையையும் அம்மாதான் எனக்குச் சொன்னார். அட்டனாசியோ எச்செவெரியா என்பவர் மெக்ஸிகோவின் தாவரங்களை வரைந்த ஓவியர். அவர் நினைவாக 1828-ல் டி கண்டோல் என்ற தாவரவியலாளர் இந்த இனத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். "போட்டோ இல்லாத காலத்துல செடியை உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைஞ்சவர்டி. நீ அரை செகண்ட்ல எடுத்துட்டுப் போற" என்பார்.

அந்த அரை செகண்டில்தான் தப்பு நடந்தது. இலைகளின் மேல் வெள்ளையாகத் தூசு படிந்திருப்பது போலத் தெரிந்தது. படத்தில் பளிச்சென்று வரட்டுமே என்று கட்டைவிரலால் ஓர் இலையைத் துடைத்தேன். துடைத்த இடம் பச்சையாகப் பளபளத்தது. சுற்றிலும் நீலச்சாம்பல், நடுவில் ஈரம் பட்டது போல ஒரு கட்டைவிரல் தடம்.

அது தூசு இல்லை. செடி தானே சுரந்து பூசிக்கொள்ளும் மெழுகுப் பூச்சு. கடுமையான வெயிலையும், மேலே தங்கும் தண்ணீரையும் தடுக்க அது வைத்திருக்கும் கவசம். ஒருமுறை துடைத்துவிட்டால் அந்த இலையில் பழையபடி திரும்பாது. நெட்டில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டபோது வயிற்றைப் பிசைந்தது. சிறு வயதில் அம்மாவின் பட்டுப்புடவையில் மசி கொட்டிய அதே உணர்வு.

அப்போது யோசித்தேன். இத்தனை வருடத்தில் அம்மா இந்தச் செடியின் இலையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ள, தொட்டியை ஒரு கையால் லேசாகத் தூக்கி எடை பார்ப்பார். காரணம் இப்போதுதான் புரிந்தது.

தொட்டியைத் திருப்பி, தடம் சுவர்ப் பக்கம் போகும்படி வைத்தேன். அதற்குள் காபியோடு அம்மா வந்துவிட்டார். நேராக அந்தத் தொட்டியிடம்தான் வந்தார். தூக்கினார், சுற்றிப் பார்த்தார், கீழே வைத்தார். "அழகா இருக்குல்ல?" என்றார். 'அப்பாடா, தெரியவில்லை' என்று நிம்மதியாகக் காபியைக் குடித்தேன். ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

செய்த தப்புக்குப் பரிகாரமாக, அம்மாவுக்கு போட்டோ எடுக்கச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். போனைக் கையில் கொடுத்தேன். செடியை நோக்கிக் கொண்டுபோனார். இன்னும் கிட்டே. இன்னும் கிட்டே. லென்ஸ் இலையில் இடிக்கிற அளவுக்குப் போய் க்ளிக் செய்தார்.

"இவ்ளோ கிட்ட போனா போனுக்கு ஃபோகஸ் கிடைக்காதும்மா. ஒரு ஜாண் தள்ளி வெச்சு, ஜூம் பண்ணி எடு. இதோ, நான் எடுத்ததைப் பாரு. இது நீ எடுத்தது. எது நல்லா இருக்கு?"

அம்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானேடி இருக்கு?"

விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. எது சரி என்று என்னிடம் கேட்கிற முகம் அது.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. இரவில் எதிரே வருகிற வண்டி லைட் கண்ணைக் கூசுகிறது என்று ஸ்கூட்டியை விட்டது. பகலிலும் சமையலறை லைட்டைப் போட்டுவைப்பது. வார இதழை மடித்து வைத்துவிட்டு, "நீ போன்ல படிச்சுக் காட்டேன்" என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. வயசு, களைப்பு, பழைய கண்ணாடி, பழைய போன்.

"ஒரு கண்ணை மூடிட்டு அந்தச் செடியைப் பாரும்மா." இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "பனிமூட்டமா இருக்குடி" என்றார், இங்கே எல்லாருக்கும் அப்படித்தான் என்பது போல.

பொங்கல் முடிந்த வாரமே கண் மருத்துவரிடம் போனோம். இரண்டு கண்களிலும் கண்புரை. வலது கண்ணில் அதிகம். கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போவதுதான் கண்புரை என்றும், அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் சரியாகிவிடும் என்றும் டாக்டர் சொன்னார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு வருஷம் இருக்கும்."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

"வலியில்ல, எரிச்சல் இல்ல. சொன்னா நீ லீவு போட்டுட்டு ஓடி வருவ. இப்பத்தானே வேலையில சேர்ந்திருக்க."

ஆனால், அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தினமும் காலை 6.40 மணிக்கு, ஆதாரத்தோடு. படத்தில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். முந்நூறு படங்களுக்கு மேல் வந்திருக்கின்றன. லென்ஸைத் துடைக்கச் சொன்னேனே தவிர, எந்த லென்ஸ் என்று யோசிக்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம். சொட்டு மருந்து நேரத்துக்குப் போட வேண்டும், கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. சில வாரங்களுக்கு மண், தூசு பக்கமே போகக்கூடாது என்றதும்தான் அம்மாவின் முகம் வாடியது.

அலுவலகத்தில் கேட்டு இரண்டு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். காலையில் நான் மேலே, அம்மா கீழே. போட்டோ எடுத்து இறங்கி வந்து காட்டுவேன். "அந்த ஜேட் இலை சுருங்கியிருக்கா? அப்ப இன்னிக்குக் கொஞ்சம் தண்ணி. மத்ததுக்கு வேண்டாம். தண்ணியில்லாம எதுவும் சாகாது, தண்ணியாலதான் சாகும்" என்று கீழேயிருந்தே தோட்டத்தை நடத்தினார். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த இரவில் திறந்துதான் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் இவ்வளவு சிக்கனம் என்று விளக்கமும் கிடைத்தது. எச்செவேரியாவை மட்டும் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து படமெடுத்தேன்.

பத்தாவது நாள், கறுப்புக் கண்ணாடியோடு அம்மா மெதுவாகப் படியேறினார். தொடமாட்டேன், பார்க்க மட்டும்தான் என்று ஒப்பந்தம். மாடியில் நிழலில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு வலது கண்ணை மூடினார், திறந்தார். இடது கண்ணை மூடினார், திறந்தார்.

"அடியே, இந்தக் கண்ணுல பார்த்தா எல்லாம் டீ டிகாஷன்ல முக்கின மாதிரி இருக்கு. இந்தக் கண்ணுல பார்த்தா நீலமா இருக்கு. இது இவ்ளோ நீலமா?"

புரை விழுந்த லென்ஸ் மஞ்சளும் பழுப்புமாகி நீல நிறத்தைத் தடுத்துவிடுமாம். ஒரு வருடமாக அம்மா தன் செல்லச் செடியின் நிறத்தையே சரியாகப் பார்த்திருக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா குனியாமல், தொட்டியை என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"மெதுவா திருப்பு. இன்னும் கொஞ்சம். நில்லு." குரல் மாறியது. "இது யார் கட்டைவிரல்?"

மூன்று வாரம் மறைத்து வைத்தது மூன்று நொடியில் பிடிபட்டது. ஒப்புக்கொண்டேன். துடைத்தது, தொட்டியைத் திருப்பி வைத்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை என்று நிம்மதியாகக் காபி குடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அது செடிக்காக வந்த அழுகை இல்லை என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

"சரி, விடு. அந்த இலை கொஞ்ச நாள்ல கீழே இறங்கி தானா காஞ்சிடும். நடுவுல புதுசு வந்துட்டேதான் இருக்கும். நீயும்தான் ஒரு வருஷமா பார்க்கல, நானும்தான் பார்க்கல. சரியாப் போச்சு" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பகலிலும் லைட் போட்டால், போட்டோக்களை மங்கலாகவே அனுப்பினால், சிரித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். ஒரு கண்ணை மூடச் சொல்லி ஒரு செடியைக் காட்டுங்கள். எனக்கு அதற்கு ஒரு வருடம் ஆனது.

நான் சென்னைக்குத் திரும்பிய மறுநாள் காலை 6.40-க்கு போன் அதிர்ந்தது. இந்த முறை எழுந்து உட்கார்ந்து திறந்தேன். ஒரு ஜாண் தள்ளி வைத்து, ஜூம் செய்து எடுத்த படம். அப்பாவின் வேட்டி வழியே வடிந்த வெளிச்சம். இலையின் சிவந்த நுனி, மெழுகுப் பூச்சு, அதில் என் விரலின் ரேகைகள்கூட எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு.

கீழே ஒரு வரி எழுதியிருந்தார். "பத்திரிகைக்காரியோட கைநாட்டு!"