கழுவக் கழுவ வெள்ளைப் புள்ளி... கையிலா தப்பு, தண்ணீரிலா?

30 வருஷம் அடுத்தவர் கார்களைக் கழுவியவர் அவர். சென்னை அடையாறில் ஒரே வீட்டில் டிரைவர் வேலை. முதலாளியின் வெள்ளை அம்பாசடரில் தொடங்கி, அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு காரையும் காலை ஆறு மணிக்குள் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டுத்தான் டீ குடிப்பார். இப்போது வேலையை விட்டுவிட்டு, மேடவாக்கத்தில் மனைவி, மகளோடு இருக்கிறார். மகள் லோன் போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினாள். கறுப்பு நிறம். அந்த வீட்டின் முதல் கார்.

“கழுவுற வேலை என்னோடது” என்று அவர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. ஆனால், முதல் ஞாயிற்றுக்கிழமையே பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். மறுபடி கழுவினார். இன்னும் கூடியது. “விடுங்கப்பா, வாட்டர் வாஷுக்குக் கொடுத்துடலாம்” என்றாள் மகள். அவள் அக்கறையாகத்தான் சொன்னாள். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. கண் மங்கிவிட்டதோ, கைக்கு வயசாகிவிட்டதோ என்று இரண்டு நாள் கார் பக்கமே போகவில்லை.

விடை சமையலறையிலிருந்து வந்தது. “இந்த போர் தண்ணியில சோப்பே நுரைக்க மாட்டேங்குது. குழாயைப் பாருங்க, எப்படிப் பூத்துக் கிடக்குன்னு. உங்க கார் மட்டும் எப்படிங்க பளபளக்கும்?” என்றார் மனைவி.

அதுதான் விஷயம். அடையாறு வீட்டில் கார் கழுவியது மெட்ரோ வாட்டரில். இங்கே போர்வெல் தண்ணீர். அதில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு போகாது, துளி இருந்த இடத்திலேயே வட்டமாக ஒட்டிக்கொள்ளும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 600 கணக்கை வைத்துப் பார்த்தால், 15 லிட்டர் வாளியில் 9 கிராம் உப்பு. அதைத்தான் கார் மேல் ஊற்றிக் காயவிடுகிறோம். வெள்ளை காரிலும் புள்ளி விழும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்!

கழுவும் முறையில் அவரிடம் பெரிய குறை இல்லை. நிழலில் நிறுத்துவார். புறங்கையால் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார். சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலசத் தனியாக ஒரு வாளி. மேலிருந்து கீழே, ஒவ்வொரு பகுதியாக, சோப்பு காய்வதற்குள் அலசிவிடுவார். பாத்திரம் தேய்க்கும் லிக்விட்டைத் தொடவே மாட்டார். அது பெயின்ட் மேல் இருக்கும் வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். மாற்ற வேண்டியிருந்தது கடைசி அலசலையும் துடைப்பதையும்தான்.

கடைசியாக அலசும்போது ஓஸ் பைப்பின் நாசிலைக் கழற்றிவிட வேண்டும். பீய்ச்சி அடித்தால் ஆயிரம் துளிகள் நிற்கும். கூரையிலிருந்து மெதுவாக வழியவிட்டால், தண்ணீர் ஒரு திரை மாதிரி சேர்ந்து இறங்கிவிடும். அடுத்தது துடைப்பது. காயும் வரை காத்திருக்கவே கூடாது. அவர் பழகியது பனியன் துணி. மகள் வாங்கித் தந்த பெரிய மைக்ரோஃபைபர் துணியை முதலில் ஏற இறங்கத்தான் பார்த்தார். அதை விரித்துப் போட்டு, அழுத்தாமல் நேராக இழுத்தால் போதும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வட்டமாகத் தேய்த்தால் கறுப்பில் கீறல் தெரியும்.

அப்புறமும் லேசாகப் புள்ளி. உப்பு இல்லாத தண்ணீருக்கு எங்கே போவது? 20 லிட்டர் கேன் மேல் அவர் கண் போனதும் மனைவி தடுத்துவிட்டார். “2019-ஐ மறந்துட்டீங்களா?” ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. லாரிக்கு ராத்திரி குடத்தோடு நின்றவர் அவர்தான். கேன் பேச்சு அதோடு முடிந்தது.

கை கொடுத்தது படுக்கையறை ஏசி. அதிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வரும் தண்ணீர். உப்பு கிட்டத்தட்ட கிடையாது. ராத்திரி முழுக்கச் சொட்டுவதை வாளியில் பிடித்து, தூசி போக துணியில் வடிகட்டி, கடைசியாக மக்கில் மொண்டு ஊற்றினார். துடைத்து முடித்த கறுப்பில் எதிர்வீட்டு முருங்கை மரம் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவளே வந்து பார்க்கட்டும் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சிலர் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரில் காரைக் கழுவுகிறார்கள். வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

ஏற்கெனவே விழுந்த புது வட்டங்களுக்கு, சம அளவு வினிகரும் ஏசி தண்ணீரும் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்துவிட்டு நன்றாக அலச வேண்டும். நிழலில்தான் செய்ய வேண்டும். முதலில் ஓர் ஓரத்தில் முயன்று பார்ப்பது நல்லது. வெயிலில் நாள்பட்டு பெயின்டையே அரித்துவிட்ட வட்டத்துக்கு வினிகர் போதாது, பாலிஷ்தான்.

துடைத்து முடித்த பிறகும் கண்ணாடி இடுக்கு, கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, நம்பர் பிளேட் பின்புறம் என்று ஒளிந்திருக்கும் தண்ணீர் மெல்ல வழியும். அதற்கு அவர் வைத்தியம், தெருவை ஒரு ரவுண்டு ஓட்டி வந்து மறுபடி ஒரு துடைப்பு. பிரேக்கும் காய்ந்துவிடும். அந்த ரவுண்டு வரவர நீண்டுகொண்டே போவதாக வீட்டில் ஒரு புகார் உண்டு.

ஏசி போடாத மார்கழிக்கு, மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடித்த டிரம் இருக்கிறது. கொசு வராமல் துணி கட்டி மூடியிருக்கிறார்கள். துணி துவைக்க எடுத்தது போக மீதிதான் காருக்கு. எவ்வளவு மீதி என்று அளந்து சொல்வது மனைவி!