பெட்டி ஒட்டியவர்கள்

வேலை விஷயமா போன வருஷம் ஸ்வீடனில் ஜோன்கோப்பிங் நகரத்தில் மூன்று நாள் இருந்தேன். எழுதுவதுதான் இப்படி, உள்ளூர்க்காரர்கள் சொன்னால் ‘யோன்ஷோப்பிங்’ மாதிரி கேட்கும். 1284-லேயே நகர உரிமை பெற்ற ஊர், வெட்டர்ன் ஏரியின் தென்முனை. ஏரி என்றதும் நம்ம மெக்ரிட்ச்சியை நினைக்க வேண்டாம். பரப்பு சிங்கப்பூரைப்போல இரண்டரை மடங்கு. வடக்கே பார்த்தால் தண்ணீர் மட்டும்தான்.

இங்கே பிறந்த ஓவியர் ஜான் பாவரின் பூதங்களும் காடுகளும் மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1918-ல் மனைவி, மகனோடு இதே ஏரியில் கப்பல் மூழ்கி இறந்துபோனார். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுதணும்.

என்னை அரைநாள் பிடித்துவைத்தது தீப்பெட்டி அருங்காட்சியகம். 1848-ல் கட்டிய பழைய தொழிற்சாலைக் கட்டடம். அந்தக் காலத்துக் குச்சியின் தலையில் வெள்ளை பாஸ்பரஸ் இருக்கும். எதில் உரசினாலும் பற்றும். அதன் புகையை வருஷக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1844-ல் குஸ்தாவ் பாஷ் ஒரு வழி கண்டார்: பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்து, உரசும் பட்டையில் வைப்பது. இந்த ஊர் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் சிவப்பு பாஸ்பரஸைக் கொண்டு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அபாயத்தை இரண்டாகப் பிரித்துவை என்று எங்களுக்குப் பாடத்தில் சொல்வார்கள். இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் பெட்டியை ஒட்டியது யார்? வீட்டிலிருந்த பெண்களும் பிள்ளைகளும். எண்ணிக்கைக்குத்தான் கூலி.

எங்க பாட்டி கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமாகி சிங்கப்பூர் வரும்வரை அதே வேலைதான், ஆறு வயசிலிருந்து. குச்சியிலிருந்து பெட்டி வரை எல்லாவற்றையும் செய்யும் இயந்திரத்தை லாகர்மான் இந்த ஊரில் 1892-லேயே செய்துவிட்டார். ஸ்வீடன் கம்பெனி 1923-ல் இந்தியாவில் விம்கோவைத் தொடங்கியது; சென்னை மெட்ரோவில் போனவர்களுக்கு விம்கோ நகர் தெரியும். ஆக, இயந்திரம் தெரியாமல் இல்லை. பிள்ளைகளின் கை அதைவிட மலிவு. கையால் செய்கிற தீப்பெட்டிக்கு அரசாங்கம் வரிச்சலுகையும் கொடுத்தது. அது பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதும் உண்மை; அதனால்தான் எனக்கு இதில் சுலபமாகக் கோபப்பட முடியவில்லை.

பாட்டிக்குப் படங்களைக் காட்டினேன். இயந்திரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனதாய்யா?” என்றார்.