மூன்று மாத மாத்திரை

ஒற்றைத் தலைவலிக்கு ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, எழுதும்போது சீட்டை நீட்டுமுன்னே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: சிறுநீர் பளீரென்று மஞ்சளாகும். சொல்லாமல் அனுப்பினால், “டாக்டர், ஒண்ணுக்கு மஞ்சமஞ்சேர்னு போகுது, காமாலையா?” என்று நாலாம் நாள் வந்து நிற்பார்கள். அதற்குள் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருப்பார்கள், மாத்திரையும் நின்றிருக்கும். “உடம்பு எடுத்துக்கிட்டது போக மிச்சம்தாம்மா அது, பயப்படாதீங்க” என்று முன்கூட்டியே சொன்னால் மூன்று மாதம் விடாமல் சாப்பிடுவார்கள். மூன்று மாதம் போகாமல் இந்த மருந்தைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்ல முடியாது.

“பி காம்ப்ளக்ஸ் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்பவர்கள் உண்டு. அந்த மாத்திரைகள் பலவற்றில் ரைபோஃப்ளேவின் 10 மி.கி. அளவில்தான் இருக்கும். உடம்பின் அன்றாடத் தேவைக்கு அது தாராளம். ஒற்றைத் தலைவலிக்குச் சோதித்த அளவோ நாளுக்கு 400 மி.கி. மூளைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தி குறைவதும் இந்த நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்ற கருத்திலிருந்து பிறந்த சிகிச்சை இது. பெல்ஜியத்தில் ஷோனன் குழுவினர் 55 பேரிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குத் தலைவலி பாதியாவது குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 சதவீதம்.

அந்த மஞ்சள் நிறம் ஆய்வாளர்களுக்கும் சிக்கல்தான். எது மருந்து, எது வெற்று மாத்திரை என்று கழிவறையிலேயே தெரிந்துவிடும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இதற்காகவே போலி மாத்திரையிலும் 25 மி.கி. ரைபோஃப்ளேவின் சேர்த்தார்கள். மருந்துப் பக்கத்தில் 400 மி.கி. ரைபோஃப்ளேவினோடு மெக்னீசியமும் ஃபீவர்ஃபியூ என்ற மூலிகையும் இருந்தன. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் குணம் தெரிந்தது: 42 சதவீதம், 44 சதவீதம். அந்த 25 மி.கி.யே வேலை செய்ததா, மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கை செய்ததா? ஒரே வேளையில் குடல் உறிஞ்சக்கூடிய ரைபோஃப்ளேவினே சுமார் 27 மி.கி.தான் என்பதால் முதல் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இந்த ஆய்வை நான் மறைப்பதில்லை. கேட்கிறவர்களிடம், “சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, கெடுதல் மிகக் குறைவு, அதனால் முயன்று பார்க்கலாம்” என்கிறேன்.

மெக்னீசியத்துக்கு அவ்வளவு தாராளம் காட்டமாட்டேன். ஜெர்மனியில் 1996இல் 600 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வில் தலைவலி வரும் தடவைகள் சுமார் 42 சதவீதம் குறைந்தன. வெற்று மாத்திரையில் 16. ஆனால் வயிறு இளகிப் போகும். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தில் மெக்னீசியம் தேங்கும் என்பதால் சர்க்கரை நோயாளிகளுக்குக் கிரியாட்டினின் பார்க்காமல் எழுதுவதில்லை.

மாத்திரையோடு நான் கட்டாயம் கேட்பது காலண்டர். பால் கணக்கு எழுதுகிற அதே மாதக் காலண்டர் போதும். தலைவலி வந்த நாளில் ஒரு சுழி, வலி மாத்திரை போட்ட நாளில் ஒரு பெருக்கல் குறி. வைட்டமின் பலிக்கவில்லை என்று வருகிறவர்கள் சிலரின் காலண்டர் முழுக்கப் பெருக்கல் குறியாக இருக்கும். பாராசிட்டமால் போன்ற மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை வலி மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அதை நிறுத்தாமல் எந்த வைட்டமினையும் குறை சொல்வது நியாயமில்லை.

மூன்றாம் மாத முடிவில் சுழிகளை எண்ணுவோம். பாதியாகியிருந்தால் தொடர்வோம். குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு புரொப்ரனோலால், அமிட்ரிப்டிலின் என்று மேலே போவோம். கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களிடம் மட்டும் அவசரப்படமாட்டேன். மேலே போகையில் எழுதக்கூடிய மருந்துகளில் வால்புரோயேட்டும் டோபிராமேட்டும் கருவைப் பாதிக்கும். அவர்களுக்கு 400 மி.கி. ரைபோஃப்ளேவின், நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் என்று தொடங்கி, இன்னொரு மாதம் கூடுதலாகவே பொறுத்துப் பார்க்கிறேன்.