முத்திரையை நம்பாதவர்

தில்லி கரோல்பாகில் குடியிருந்த அந்தப் பெரியவருக்கு அரசாங்க முத்திரை என்றாலே இளக்காரம். வாழ்நாள் முழுக்க அதைக் குத்தியவர் அவர். மத்திய அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். "பார்த்துக் குத்தினது பத்து, பார்க்காம குத்தினது நூறு" என்று சொல்லிச் சிரிப்பார்.

சர்க்கரை வியாதி வந்ததும் அவர் நம்பிப் போனது ஒரு சூரணக் கடைக்கு. டப்பாவில் 'முழுக்க மூலிகை' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த துண்டுப் பிரசுரம் 90 நாளில் குணம் என்றது. டாக்டர் தந்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலந்து குடித்தார்.

2004 டிசம்பரில் பாஸ்டனிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, அந்தப் பொடியை உடனே நிறுத்துங்க." அந்த ஊர்க் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வந்திருந்தது. "மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட கதைம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

அவர் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய விஞ்ஞானிகள் போராடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். அடுத்த வருடம் தில்லியில் கடுகெண்ணெய் விவகாரம். பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதுவரை எங்கோ இருந்த அதிகாரிகள் அதன்பிறகு ஓடிவந்து சில்லறை எண்ணெய்க்குத் தடை போட்டார்கள். பாக்கெட் கம்பெனிகளுக்காகத்தான் இந்தத் தடை என்று தெருவே பேசிக்கொண்டது. பெரியவர் வீட்டில் நல்லெண்ணெய்தான் என்பதால் தப்பித்தார்கள். சாவு விழும்வரை கண்ணை மூடியிருந்துவிட்டு, விழுந்தபின் கடைக்குப் பூட்டுப் போடும் அரசாங்கத்தை யார்தான் நம்புவார்கள்?

மறு வருடம் அவருக்கு வயிறு முறுக்கிப் பிடித்து வலிக்க ஆரம்பித்தது. மலச்சிக்கல், அசதி, ரத்தசோகை. அல்சர் என்று ஒருவர் மருந்து கொடுத்தார். குழாய் விட்டுப் பார்த்ததில் அல்சர் இல்லை. கடைசியில் ஒரு இளம் டாக்டர்தான், "வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. மனைவி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ரத்தத்திலும் ஈயம், பொடியிலும் ஈயம்.

இந்த ஈயம் வேண்டுமென்றே பற்பமாகச் சேர்த்ததா, மூலிகை முளைத்த மண்ணிலிருந்து வந்ததா, அரைத்த இயந்திரத்திலிருந்தா என்பது டப்பாவைப் பார்த்துத் தெரிகிற விஷயமல்ல. முறையாகச் சுத்தி செய்து புடம் போட்டால் உலோகம் தீங்கு செய்யாது என்பது வைத்தியர்களின் வாதம். ஆனால் இந்த டப்பாவில் எந்த உலோகத்தின் பெயரும் இல்லை.

பொடியை நிறுத்தி, சிகிச்சை எடுத்து, மனுஷர் எழுந்து நடமாட மாதங்கள் ஆயின. 2006-ல் ஒரு காலை, இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் கோப்பு, பையில் அந்த டப்பா சகிதம் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனார். எதிரே இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். மூலிகை மருந்துகளில் கன உலோகச் சோதனை 2006 ஜனவரி முதல் கட்டாயம் என்ற உத்தரவை எடுத்துக் காட்டினார். பெரியவர் அதை இரண்டு முறை படித்தார். ஏற்றுமதியாகும் மருந்துகளுக்கு என்றிருந்தது.

"அப்ப இங்க சாப்பிடறவனுக்கு?"

"இது எக்ஸ்போர்ட் சரக்கு இல்லையே சார். லைசென்ஸ் கொடுக்கிறதும் மாநில அரசு. அங்க எழுதிப் பாருங்க."

டப்பாவிலிருந்த லைசென்ஸ் எண் போலி அல்ல. 1940-ம் வருட மருந்துச் சட்டத்துக்குள் 1964-லேயே ஆயுர்வேதம், யுனானி வந்துவிட்டன. சர்க்கரை வியாதி தீரும் என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்கிறது 1954-ம் வருடச் சட்டம். துண்டுப் பிரசுரத்தோடு ஊரெல்லாம் விற்ற ஒரு டப்பாவை, இத்தனை சட்டங்களில் ஒன்றுகூட வழிமறிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரவெல்லாம் உட்கார்ந்து மனு எழுதினார். பத்தி பத்தியாக எண் போட்டு, சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, ஒரு செக்‌ஷன் ஆபீசருக்கே உரிய கச்சிதத்தில். "இதையெல்லாம் நம்ப மாட்டேன்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி. அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் அதே அலுவலகத்தில், மாநிலத்துக்கு அனுப்பச் சொல்லி மனுவைக் கொடுத்தார். குமாஸ்தா தலை நிமிராமல் நகலில் ஒரு முத்திரை குத்தித் தள்ளினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தேதி சரியாகப் பதியவில்லை. மை தொட்டு மறுபடியும் குத்தித் தரச்சொல்லி, காயும்வரை ஊதிக்கொண்டே நின்றார்.