தரங்கம்பாடியில் ஓர் அடுப்பங்கரை

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மயிலாடுதுறையில் பஸ் ஏறி, வழியில் திருக்கடையூரில் அபிராமியைச் சேவித்துவிட்டு, 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையில் நின்று காற்று வாங்குகிறார்கள். சுண்டல் தின்கிறார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பி விடுகிறார்கள். நான் வாசகிகளை அழைத்துப் போவது அங்கே அல்ல. பக்கத்துத் தெரு ஒன்றில், திண்ணையும் ரேழியும் முற்றமுமாக நிற்கும் ஒரு பழைய வீட்டின் அடுப்பங்கரைக்கு.

2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமியை இந்த ஊர் மறக்காது. ஆனால் அலை எப்போதோ ஒரு நாள் வருகிறது. உப்புக் காற்றோ இராப் பகலாக வந்துகொண்டே இருக்கிறது. கதவுக் கீல், ஜன்னல் கம்பி எதையும் அது விடுவதில்லை. கான்கிரீட்டுக்குள் ஒளித்து வைத்த கம்பியைக்கூடத் தேடிப் பிடித்துத் தின்கிறது. துருப் பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் கான்கிரீட் வெடித்து உதிரும். இந்த வீட்டின் கொல்லையில் இருபது வருஷத்துக்கு முன் போட்ட தளம் விலா எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பாட்டன் காலத்து முன்கட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு குறையும் இல்லை!

சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ சிமெண்டு பூசிய இடங்களில் மட்டும் இடுப்பளவுக்கு ஈரம் ஏறிப் பூச்சு பொருக்குத் தட்டியிருந்தது. மேஸ்திரி அதைச் சுரண்டிக் கொண்டிருந்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை பக்கத்தில் தயாராக இருந்தது.

“செவுரும் மூச்சு விடணும்மா. சிமெண்டு பூசுனா மூக்கைப் பொத்துன மாதிரி” என்றார்.

சமையலறையில்தான் சண்டை. சுனாமிக்குப் பிறகு இவ்வூர்ப் பழைய வீடுகள் சிலவற்றை ‘இன்டாக்’ அமைப்பு செப்பனிட்டிருக்கிறது. அவற்றைப் பார்த்து வந்த மகன், தரையோடு தரையான மண் அடுப்பையும் புகைக்கூண்டையும் அப்படியே வைக்க வேண்டும் என்கிறார். மருமகளோ முற்றத்தை மூடி, பட்டணத்து மோஸ்தரில் பெரிய சமையலறை போட ஆசைப்படுகிறார்.

“பாக்குறவங்களுக்கு அழகாத்தான் இருக்கும். நாப்பது வருஷம் குனிஞ்சு ஊதினது யாரு?” என்று மகனை மடக்கினார் பெரியம்மாள். மருமகளையும் விடவில்லை. கடல் காற்று வாசலில் நுழைந்து ரேழி வழியே வருகிறது. வீட்டு வெக்கை முற்றத்தின் வழியே மேலே போகிறது. அதை அடைத்தால் எல்லாரும் வெந்து போவோம் என்று சொல்லிவிட்டார். அவர் பக்கம்தான் என் ஓட்டும்!

ஆகவே முற்றம் தப்பியது. மண் அடுப்பு போயிற்று. புகைக்கூண்டுக்கு அடியில் காஸ் அடுப்பு மேடை வருகிறது. மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் போடுகிற 34 அங்குலம் என்றார். பெரியம்மாள் முழங்கையை மடக்கிக் காட்டி, அதற்கு நாலு விரற்கடை கீழே மேடை இருக்க வேண்டும் என்றார். அளந்தால் 31! மருமகள் உயரமானவர். கடைசியில் அடுப்பு மேடை 31 அங்குலத்திலும், காய் நறுக்கும் மேடை 34 அங்குலத்திலும் அமைகின்றன. சகோதரிகளே, உங்கள் வீட்டு மேடையை யார் உயரத்துக்குக் கட்டினார்கள் என்று ஒரு தரம் அளந்து பாருங்கள்.

ஈரத்தில் ஊதிப் போகும் பலகை அலமாரி வேண்டாமென்று கடப்பைக் கல் தட்டுகள்; பழைய தேக்குக் கதவுக்குப் பித்தளைக் கீல். கூடத்தில் ஊஞ்சலைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. அதன் சங்கிலியும் பித்தளையாகிறது. திண்ணையை அடைத்திருந்த கம்பி வலையைக் கழற்றியாயிற்று. மீன்காரி கூடையை இறக்க இடம் வேண்டாமா?

ரெப்ரிஜிரேட்டரை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அடுப்பங்கரையில் இடமில்லை, கூடத்தில் வைக்க மகனுக்கு மனமில்லை. “எங்க வச்சாலும் அடி துருப்பிடிச்சுடும்” என்று சொல்லிவிட்டு, பெரியம்மாள் முற்றத்து அம்மியில் துவையல் அரைக்க உட்கார்ந்துவிட்டார்.