சிங்காரி மேளமும் பின்வரிசையும்

குலசேகரம் பக்கம் கோயில் திருவிழாவோ, சர்ச் திருவிழாவோ, சிங்காரி மேளச் சத்தம் கேட்கும். எல்லாருக்கும் அதே செண்டை, அதே இலத்தாளம். ஆனா சில செட்டு மட்டும் வருஷா வருஷம் எப்படி மக்கா பேர் வாங்குது?

ஜனங்க பாக்குறது முன்வரிசையில ஆடிக்கிட்டே அடிக்கிறவங்களை. என் கண்ணு பின்னாடி போகும். வீக்கன் செண்டையும் இலத்தாளமும்தான் காலத்தைப் பிடிச்சு வைக்குது. கேரளத்துப் பாண்டி மேளத்துல தாளவட்டம் 56 அட்சரத்துல தொடங்கி 28, 14, 7னு சுருங்கச் சுருங்க வேகம் ஏறும். பின்வரிசை தடுமாறினா முன்னாடி எந்தச் சூரன் நின்னாலும் வெறும் இரைச்சல்தான்!

இது வருஷக்கணக்கா ஒண்ணா அடிச்சு வர்ற பழக்கம். ஆள் மாறிக்கிட்டே இருந்தா?

அமெரிக்காவுல புளூ டெவில்ஸ்னு ஒரு டிரம் அணி. 22 வயசானா யாரா இருந்தாலும் விலகணும். ஆனாலும் 1976லேருந்து 2023க்குள்ள 21 உலகப் பட்டம். காரணம், அடியில 'பி', 'சி'ன்னு இளசுகளுக்குத் தனி அணிகள்.

எங்க ஊர்லயும் அந்த வயசுலதான் வளைகுடா, பெங்களூருன்னு கிளம்புறோம் (அடியேனும்தான் :-)). விழாவுக்கு விழா கூலிக்கு ஆள் பிடிக்கிற செட்டு அத்தோட கரைஞ்சுடும். பத்து வயசுப் பொடியன் கையில இலத்தாளத்தைக் கொடுத்துப் பின்னாடி நிறுத்துற செட்டுதான் நிக்கும்.

அடுத்த திருவிழாவுல பின்வரிசைப் பொடியனுங்களை எண்ணிப் பாருங்க.