சீத்தா போய் சீட்டா வந்தது

ஆப்பிரிக்காவிலிருந்து குனோ காட்டுக்குத் திரும்பியிருப்பது ஒரு விலங்கு மட்டுமல்ல. உலகம் சுற்றி வந்த ஒரு பெயரும்தான்

நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்களை ஏற்றிக்கொண்டு 2022 செப்டம்பர் 17ந் தேதி குவாலியரில் இறங்கிய போயிங் 747 விமானத்தின் மூக்கில் ஒரு முகம் வரையப்பட்டிருந்தது. சீட்டாவின் முகம் அல்ல, புலியின் முகம். புள்ளிக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் பார்க்காதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது.

சீட்டாக்கள் அங்கிருந்து ஹெலிகாப்டரில் பறந்தன. சாதாரணப் பயணிக்கு அந்த வசதி இல்லை. குவாலியரிலிருந்து ஷியோபூர் வரை சுமார் 200 கிமீ தூரம் நத்தை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த குறுகிய பாதை ரயிலும் அகலப்பாதைப் பணிக்காக 2020ல் நின்றுவிட்டது. ஷிவ்புரி, போஹ்ரி வழியாக சாலையில்தான் போகவேண்டும். பாறையும் புதருமாக விரியும் நிலம். கோடையில் செத்துப்போனது போல் நின்று, காற்றில் ஈரம் பட்டதும் துளிர்த்துவிடும் கர்தாய் மரங்கள். நடுவே சம்பலை நோக்கி ஓடும் குனோ ஆறு. 1981ல் சரணாலயமாகி 2018ல் தேசியப் பூங்காவாக உயர்ந்த இந்தக் காட்டின் பரப்பு 748 சதுர கிமீ.

இந்தக் காட்டுக்குப் புள்ளி போட்ட வேட்டை விலங்கு புதிதல்ல. சிறுத்தைகள் இங்கே எப்போதும் உண்டு, அதுவும் ஏராளமாக. இந்தியில் அதற்கு முறையான பெயர் தேந்துவா. பக்கத்து ராஜஸ்தானில் பகேரா. ஆனால் இந்தி பேசும் ஊர்களில் புள்ளியுள்ள எதையும் 'சீத்தா' என்று சொல்லிவிடும் பழக்கம் உண்டு. நாளிதழ்களும் விதிவிலக்கல்ல. நிஜமான சீத்தா இல்லாத காலத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நிஜமானது வந்து இறங்கியபின் கதை வேறு. ராத்திரியில் சிறுத்தை ஒரு ஆட்டைத் தூக்கிப் போனால், காலையில் "சீத்தா வந்தது" என்ற பேச்சு ஊரைச் சுற்றும். கோபம் எந்த விலங்கின் மேல் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் விலங்குகள் வருவதற்கு முன்பே ஆட்கள் தயார் செய்யப்பட்டார்கள். பள்ளி ஆசிரியர்கள், ஊராட்சித் தலைவர்கள் என்று சுற்றுவட்டார கிராமங்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு 'சீத்தா மித்ரா' என்று பெயர் சூட்டிப் பயிற்சி கொடுத்தது வனத்துறை. பாடத்தின் முக்கிய பகுதி அடையாளம் காட்டுவது. கண்ணின் உள்முனையிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தது போல் கறுப்புக் கோடு இருந்தால் சீத்தா. உடம்பில் இருப்பது தனித்தனிக் கறுப்புப் பொட்டு. சிறுத்தையின் உடலில் இருப்பதோ பூ வளையம். சீத்தாவால் கர்ஜிக்க முடியாது. குருவி மாதிரி கீச்சிடும். காட்டில் திரியும் சீத்தா மனிதனைக் கொன்றதாகப் பதிவு கிடையாது. சிறுத்தையைப் பற்றி அப்படி உறுதி தர முடியாது. ஆக, பெயரைச் சரியாகச் சொல்வது இங்கே பண்டிதர்களின் பொழுதுபோக்கு அல்ல.

பெயரின் பூர்வீகம் சமஸ்கிருதம். 'சித்ர' என்றால் புள்ளியிட்ட, பல நிறம் கொண்ட என்று பொருள். தமிழர்கள் சித்திரம் என்று சொல்லும் அதே சொல். 'சித்ரக', 'சித்ரகாய' (புள்ளி உடம்புக்காரன்) என்ற வடிவங்கள் தேய்ந்து இந்தியில் சீத்தா ஆயின. பூப்போட்ட சீட்டித் துணிக்கும் வேர் இதுதான். குனோவில் சீத்தாவுக்கு முக்கிய இரை புள்ளிமான். அதன் இந்திப் பெயர் சீத்தல். அதுவும் அதே 'சித்ர'வின் வாரிசு. துரத்துவதும் துரத்தப்படுவதும் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

வேட்டைக்குப் பழக்கிய சீத்தாக்கள் மன்னர்களின் கௌரவச் சின்னமாக இருந்தன. தன் தந்தை அக்பர் ஆயிரம் சீத்தாக்களைச் சேர்த்து வைத்திருந்ததாக ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். அரண்மனைகளில் இந்த வேட்டையைப் பார்த்து வியந்த ஆங்கிலேயர்கள் முதலில் அதை 'வேட்டைச் சிறுத்தை' என்றார்கள். பிறகு உள்ளூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 1886ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி அதை சமஸ்கிருத மூலத்தோடு பதிவு செய்தது. ஆங்கிலத்தின் முதுகில் ஏறிய பெயர் கப்பலும் ஏறியது. அந்த விலங்குக்கு ஆப்பிரிக்காவில் சொந்தப் பெயர்கள் இல்லாமல் இல்லை. ஸ்வாஹிலியில் டூமா, செட்ஸ்வானாவில் லெங்காவ். ஆனாலும் அங்கிருக்கும் விலங்குக்கு உலகம் வழங்கிய பெயர் இந்தியாவுடையது. துருக்கி, ஜப்பானிய மொழிகள்கூட அதையே கடன் வாங்கின. பிரெஞ்சும் ஜெர்மனும் ரஷ்யனும் மட்டும் 'பூனைச் சிறுத்தை' என்ற பொருள் கொண்ட இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்த கெபார்டிலேயே நின்றுவிட்டன. சீனரும் தென்னாப்பிரிக்காவின் ஆப்ரிகான்ஸ்காரரும் இன்னும் 'வேட்டைச் சிறுத்தை'யை விடவில்லை.

போன இடமெல்லாம் பெயர் ஒழுங்காக நடந்துகொண்டது என்று சொல்ல முடியாது. வங்காளத்தில் சித்தாபாக் என்றால் சிறுத்தைதான். ஜல்பைகுரி தேயிலைத் தோட்டத்தில் சித்தாபாக் புகுந்தது என்ற செய்தியைக் கவனமில்லாமல் மொழிபெயர்த்தால் வடக்கு வங்காளத்துக்கே சீட்டா வந்துவிடும். இலங்கையில் ஒருகாலத்திலும் இந்த விலங்கு இருந்ததில்லை. இருந்தும் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் சிறுத்தையைச் சீட்டா என்றே அழைத்தார்கள். இது தவறு என்று எமர்சன் டென்னன்ட் 1861லேயே எழுதினார். பெரிய பலன் இல்லை. (பெயர் வழி தவறுவதில் சீட்டா தனியாள் அல்ல. பெருச்சாளிக்குத் தெலுங்கில் பந்திகொக்கு. அது ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆகி ஆஸ்திரேலியாவுக்குப் போய், சம்பந்தமே இல்லாத ஒரு பைப்பாலூட்டியின் தலையில் உட்கார்ந்தது. அந்தப் பெயர் தன் விலங்கை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை.)

தமிழ்ப் பத்திரிகைகளும் 2022ல் திண்டாடின. 'சிறுத்தை' என்று எழுதினால், வால்பாறையில் வாரம்தோறும் வாசலுக்கு வரும் விலங்கை எதற்கு விமானத்தில் கொண்டுவரவேண்டும் என்று வாசகர் கேட்பார். சிலர் 'சீட்டா' என்றார்கள். அந்த 'ட்டா' ஒரு முத்திரை. இந்தியிலிருந்து நேராக வந்திருந்தால் 'சீத்தா' என்றுதான் வந்திருக்கும். லண்டன் வழியாக வந்ததால் நாக்கு மடிந்துவிட்டது. சீத்தா என்று எழுதினால் பழம் ஞாபகம் வரும் என்பது வேறு விஷயம்.

இத்தனைக்கும் தமிழில் பெயர் தயாராக இருக்கிறது: சிவிங்கி. கன்னடத்தில் சிவங்கி. தெலுங்கிலும் அந்தச் சொல் உண்டு. துணிச்சல்காரப் பெண்ணைப் புகழ அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழர்கள் பலருக்குச் சிவிங்கி தெரியாது. ஆனால் ஒட்டகச்சிவிங்கி தெரியும். ஒட்டகம் மாதிரி உயரம், சிவிங்கி மாதிரி புள்ளி. கிரேக்கர்களும் இதே கணக்குப் போட்டுத்தான் அந்த விலங்கை 'ஒட்டகச் சிறுத்தை' என்றார்கள். அசல் விலங்கு அழிந்து, அதை வைத்து உவமை சொன்ன பெயர் மட்டும் மிருகக்காட்சிசாலைப் பலகைகளில் பிழைத்துக் கிடந்தது.

விலங்கு அழிந்த கதை சுருக்கமானது. இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் கொரியா சமஸ்தானத்தின் மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் 1947ல் மூன்று சீட்டாக்களைச் சுட்டார். நாட்டில் கடைசியாகப் பதிவானவை என்று கருதப்படுபவை அவைதான். 1952ல் இனம் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. அதற்கு முன்பே கையிருப்பு தீர்ந்துபோய், கோலாப்பூரும் பாவ்நகரும் வேட்டைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து சீட்டா இறக்குமதி செய்துகொண்டிருந்தன. விமானத்தில் வந்தவை முதல் விருந்தாளிகள் அல்ல.

பெயர் ஒன்று என்பதால் விலங்கும் ஒன்றாகிவிடுமா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தியாவில் இருந்தது ஆசியச் சீட்டா. இன்று அது ஈரானில் மட்டும், விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கிளை பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தது. அது அயல்நாட்டு இனம் என்று கருதிய நீதிமன்றம் 2013 ஏப்ரலில் திட்டத்தை நிராகரித்தது. கிர் சிங்கங்களைக் குனோவுக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. 2020 ஜனவரியில், பரிசோதனை அடிப்படையில் சீட்டாவைக் கொண்டுவர அதே நீதிமன்றம் அனுமதித்தது. குஜராத்திலிருந்து சிங்கம் வரவே இல்லை.

இதில் அதிகம் பேசப்படாதவர்கள் சஹரியா பழங்குடியினர். காட்டுக்குள் இருந்த 24 கிராமங்கள் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிக் காலி செய்யப்பட்டன. சுமார் 1,500 குடும்பங்கள், பெரும்பாலும் சஹரியாக்கள், வெளியே குடியேற்றப்பட்டனர். சிங்கம் வரப்போகிறது என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். மரப்பிசினும் காட்டு விளைபொருளும் சேகரித்துப் பிழைத்தவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். பின்னர் பாக்சா கிராமத்தின் முறை வந்தபோது காரணத்தின் பெயர் சீத்தா என்று மாறியிருந்தது. விலங்கு எதுவானாலும் மூட்டை கட்டுபவர்கள் மாறவில்லை.

வந்த விலங்குகளுக்கும் பெயர் மாற்றினார்கள். ஓபன் என்ற ஆண் பவன் ஆனது. எல்டனும் ஃப்ரெடியும் கௌரவ், சௌர்யா. சியாயா என்ற பெண் ஜ்வாலா. ஜார்ஜியாவின் தலைநகர் பெயரில் இருந்த திபிலிசி, தாத்ரி ஆயிற்று. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து மேலும் 12 வந்தன. புதுப் பெயர்கள் ஆயுளை நீட்டவில்லை: தாத்ரி 2023 ஆகஸ்டிலும், சௌர்யா 2024 ஜனவரியிலும், பவன் அதே ஆண்டு ஆகஸ்டிலும் இறந்தன.

2025 மார்ச்சில் ஜ்வாலாவும் குட்டிகளும் காட்டைவிட்டு வெளியே வந்து ஒரு கன்றை மடக்கியபோது கிராமத்தார் கல்லெறிந்தார்கள். பட்டப்பகல், சிறுத்தை என்று குழம்ப வாய்ப்பில்லை. கன்று அவர்களுடையது. சில நாட்களில் அதே குடும்பத்துக்கு வனத்துறை ஓட்டுநர் ஒருவர் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் காட்சி நாடு முழுக்கப் பரவியது. "வா" என்று அவர் அழைக்க, அவை வந்து குடித்தன. விதியை மீறினார் என்று அவர்மேல் நடவடிக்கை பாய்ந்தது.

ஜ்வாலாவின் முதல் ஈற்றில், 2023 மார்ச்சில், பிறந்தவை நான்கு. மே மாத வெயில் மூன்றைக் கொண்டுபோக, மிஞ்சிய ஒன்றை வன ஊழியர்கள் கையில் வைத்து வளர்த்தார்கள். அதற்கு முகி என்று பெயர். அந்த முகி 2025 நவம்பரில் ஐந்து குட்டிகள் போட்டது.